கங்காணியோடு முடியாத கணக்கு

மலைத் தோட்டத் தொழிலாளரின் துயரத்துக்குக் கங்காணியே காரணம் என்பது தமிழ்நாட்டில் வேரூன்றிப்போன கருத்து. மழை பொய்த்த ஊருக்கு வயதில் மூத்த ஒருவர் வருகிறார். மேலே கோட்டு, தலையில் உருமால், கையில் தடி, மடியில் காசு. திண்ணையில் உட்கார்ந்து, மலையில் கூலிக்குக் குறைவில்லை, குடியிருக்க வீடு சும்மா கிடைக்கும் என்கிறார். கடனில் மூழ்கிய வீட்டு இளைஞன் அவர் பின்னால் நடக்கிறான். மேலே போனதும் பெரியவரின் முகம் மாறுகிறது. கணக்குப் புத்தகம் திறக்கிறது. இளைஞன் ஊர் திரும்புவதே இல்லை. நாவல், சினிமா, மேடைப் பேச்சு, பாட்டிமார் சொன்ன கதை என எங்கும் இதே நாடகம்தான். இதில் வரும் ஒவ்வொரு நிகழ்வும் எங்கோ ஒரு தோட்டத்தில் நடந்திருக்கிறது. ஆனால் இதுவே முழு வரலாறு என்று கொள்வது பெரும் பிழை. இரண்டு பேருக்கு இடையே நடந்த வஞ்சகமாக விஷயத்தைச் சுருக்கியதும், கங்காணியின் மடியில் அந்தக் காசை வைத்தவர் யார், ஓடிப்போன தொழிலாளியைப் பிடித்துச் சிறையில் போட்ட சட்டம் யாருடையது என்ற கேள்விகள் எழாமலே போய்விடுகின்றன.

இந்தக் கருத்துக்கு இன்றைய வாசகர் மனத்தில் உருவம் கொடுத்தவை ஒரு நாவலும் ஒரு திரைப்படமும். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்து, பின் தொழிற்சங்கப் பணியிலும் இறங்கிய பி. எச். டேனியல் 1969-ல் 'ரெட் டீ' என்ற ஆங்கில நாவலை வெளியிட்டார். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் அது 'எரியும் பனிக்காடு' ஆகத் தமிழுக்கு வந்தது. அதைத் தழுவி இயக்குநர் பாலா எடுத்த 'பரதேசி' 2013-ல் திரைக்கு வந்தது. நாவல் கங்காணியோடு நிற்பதில்லை. வெள்ளைக்கார மேலாளர்கள், கூலிக் கணக்கு, நோய், மருத்துவமின்மை என்று தோட்டத்தின் முழு இயந்திரத்தையும் அது பிரித்துக் காட்டுகிறது. திரைப்படத்திலும் துரைகள் வருகிறார்கள். இருந்தும் படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் நெஞ்சில் தங்கியவர் கங்காணிதான். மருத்துவரின் பாத்திரத்தை மதமாற்ற ஆட்டம்பாட்டமாகப் படம் சித்திரித்தது இன்னும் வருந்தத்தக்கது. நாவலை எழுதியவரே அப்படியொரு கிறித்தவ மருத்துவர். தொழிலாளர் பக்கம் நின்றவர். நோய்க்கும் சாவுக்கும் தோட்ட நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டிய இடத்தில், பார்வையாளரின் கோபம் வேறு பக்கம் திருப்பிவிடப்பட்டது.

நீலகிரியை எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும். குன்னூருக்கும் அருவங்காட்டுக்கும் இடையில் இருக்கும் வெலிங்டன் முதலில் ஜக்கதளா என்ற படகர் ஊரின் பெயரால்தான் வழங்கியது. 1852-ல் அங்கே பிரிட்டிஷ் படைவீடுகள் எழும்பத் தொடங்கின. ஏறத்தாழ அதே காலத்தில்தான் சுற்றியிருந்த சரிவுகளில் காப்பியும், அதையடுத்துச் சிங்கோனாவும் தேயிலையும் பரவின. காடு வெட்ட, சாலை போட, கல் சுமக்க, நாற்று நட ஆயிரக்கணக்கில் ஆள் தேவைப்பட்டது. மலையின் பழங்குடிகளும் படகர்களும் தங்கள் நிலத்தையும் மந்தையையும் விட்டுக் கூலிக்கு வரத் தயாராக இல்லை. நடுவட்டத்தில் சிங்கோனா நட, மலாக்கா நீரிணைப் பகுதியிலிருந்து கொண்டுவந்த சீனக் கைதிகளைக்கூட அரசு பயன்படுத்தியது. மற்ற ஆட்கள் கோயம்புத்தூர், சேலம், மைசூர்ச் சமவெளிகளிலிருந்து வந்தார்கள். பெரும்பாலோர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினர். குன்னூருக்கு ரயில் வந்தது 1899-ல்தான். அதுவரை மேட்டுப்பாளையத்திலிருந்து மலைப்பாதையில் ஏறித்தான் வர வேண்டும். அப்படி அழைத்து வந்தவரை நீலகிரியில் மேஸ்திரி என்றார்கள். இலங்கையிலும் மலாயாவிலும் ஆனைமலையிலும் அவர் கங்காணி. வேலை ஒன்றே.

அவர் மடியில் இருந்த காசு தோட்டத்தின் காசு. இந்த ஒரு செய்தியைப் பற்றிக்கொண்டால் பாதி மயக்கம் தீரும். ஆள் சேர்க்கக் கிளம்பும் கங்காணிக்குத் தோட்டம் முன்பணம் கொடுத்தது. இலங்கைத் தோட்டக் கணக்குகளில் இதற்குக் 'கோஸ்ட் அட்வான்ஸ்' என்று தனித் தலைப்பே இருந்தது. தமிழ்நாட்டுக் கரைக்குப் போய்வரும் செலவுக்கான முன்பணம் அது. அந்தப் பணம் தோட்டத்திலிருந்து தலைக்கங்காணிக்கும், அவரிடமிருந்து சில்லறைக் கங்காணிக்கும், கடைசியாக ஊரில் இருக்கும் குடும்பத்துக்கும் படிப்படியாக இறங்கும். இறங்கும் ஒவ்வொரு படியிலும் அது கடனாகும்.

ஓர் இளைஞனின் பெயரில் ஏறும் கடன் எப்படி வளர்கிறது என்று பார்க்கலாம். ஊரில் பண்ணையாரிடமும் கடைக்காரரிடமும் இருக்கும் பழைய பாக்கியை அடைத்தால்தான் அவனால் ஊரை விட்டு நகர முடியும். அது முதல் பற்று. வீட்டில் விட்டுப்போகும் அம்மாவின் கையில் கொஞ்சம் கொடுக்க வேண்டும். அது இரண்டாவது. வழிச்செலவு, வழியில் சாப்பாடு, கப்பல் அல்லது ரயில் கட்டணம் அடுத்தடுத்துச் சேரும். மலையில் இறங்கிய முதல் இரவே குளிர் தாங்காது. கம்பளி ஒன்று கொடுப்பார்கள். அதுவும் கணக்கில் ஏறும். சமைக்கச் சட்டி, முதல் மாதக் கூலி கைக்கு வரும்வரை அரிசி, எல்லாமே பற்று. மண்வெட்டியைத் தொடும் முன்பே அவன் பல மாதக் கூலிக்குக் கடன்பட்டவன். இந்தக் கணக்கை எழுதுகிறவர் கங்காணி என்பது உண்மை. எழுதும்போது கூட்டி எழுதினார் என்பதும் பல இடங்களில் உண்மை. ஆனால் அதே அளவு கடன் கங்காணியின் பெயரில் தோட்ட அலுவலகத்தின் பேரேட்டில் எழுதப்பட்டிருந்தது. ஆள் செத்தாலும் ஓடினாலும் அந்தத் தொகை கங்காணியின் தலையில் விடியும். இளைஞனை அவர் விடாமல் பிடித்து வைத்திருந்ததற்குக் கொடுமனம் ஒரு காரணமாக இருக்கலாம். கடன் நிச்சயமான காரணம்.

இலங்கையில் இது துண்டு முறையாக வளர்ந்தது. ஒரு கங்காணியின் கூட்டம் ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அந்தக் கூட்டத்தின் மொத்தக் கடன் இவ்வளவு என்று துரை ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். புதிய துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். மனிதர்கள் கடனோடு சேர்ந்து கைமாறினார்கள். ஆள் பற்றாக்குறை மிகுந்த காலங்களில் துரைகள் ஒருவருக்கொருவர் போட்டி போட்டுக் கூடுதல் முன்பணம் நீட்டினார்கள். அதனால் துண்டில் எழுதும் தொகை ஏறிக்கொண்டே போனது. தொழிலாளியின் கையில் அதில் ஒரு காசும் சேரவில்லை. 1921-ல் சட்டம் இந்த முறையை ஒழித்தது. ஒழிக்கும் முடிவின் பின்னால் தொழிலாளி மீதான இரக்கம் மட்டும் இருக்கவில்லை. முன்பணப் போட்டியில் தோட்டங்களின் சொந்தப் பணமே முடங்கிக்கொண்டிருந்தது.

கங்காணிக்குக் கிடைத்த வருமானமும் இதே வழியில்தான் அமைந்தது. ஆள் வேலைக்கு இறங்கிய நாளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குத் தலைக்காசு. சில இடங்களில் அவர் ஆட்கள் ஈட்டும் கூலியில் ஒரு பங்கு. ஆக, காய்ச்சலில் படுத்தவனை எழுப்பி வேலைக்கு விரட்டினால் அவருக்கு வரும்படி உண்டு. படுக்க விட்டால் இல்லை. இந்த ஏற்பாட்டைக் கங்காணி கண்டுபிடிக்கவில்லை. தொழிலாளியிடம் நல்லபடியாக நடந்துகொள்ளும் கங்காணிக்கு நஷ்டமும் அடித்து விரட்டுகிறவருக்கு லாபமும் வரும்படி கணக்கை அமைத்தது தோட்டம். அடித்தவரின் குணத்தை அலசும் கதைகள் ஏராளம். அந்தக் கணக்கை அலசிய கதைகள் மிகக் குறைவு.

சட்டம் இன்னும் வெளிப்படையானது. ஓடிப்போன தொழிலாளியைக் கங்காணி தன் தடியால் அடிக்கலாம். சிறையில் போட முடியாது. அதற்கு நீதிபதி வேண்டும். 1859-ல் இந்தியாவில் வந்த ஒப்பந்த மீறல் சட்டம், முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போவதைக் குற்றமாக்கியது. முதலாளி ஒப்பந்தத்தை மீறினால் அது உரிமையியல் வழக்கு. தொழிலாளி மீறினால் சிறை. இலங்கையில் 1865-ம் ஆண்டுச் சட்டம் முன்னறிவிப்பின்றி வேலையை விடுவதற்குச் சிறைத் தண்டனை வைத்தது. கூலியைத் தாமதிக்காமல் கொடுக்கச் செய்யவென்று 1889-ல் வந்த சட்டமும், மாதம் முடிந்த பிறகு 60 நாள் வரை துரைக்கு அவகாசம் கொடுத்தது. இரண்டு மாதம் கூலி வராத வீட்டில் அரிசி எங்கிருந்து வரும்? கங்காணியின் கடனிலிருந்துதான். சட்டம் கொடுத்த அவகாசமே கடனை வளர்த்தது.

நீலகிரிக்கும் வயநாட்டுக்கும் இதில் தனிப் பங்கு உண்டு. 1893-ல் தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் சேர்ந்து உபாசி என்ற சங்கத்தை அமைத்தார்கள். இன்று அதன் தலைமையகம் குன்னூரில் இருக்கிறது. முன்பணம் வாங்கிக்கொண்டு மேஸ்திரிகளும் ஆட்களும் ஏமாற்றுகிறார்கள், கடுமையான சட்டம் வேண்டும் என்று தோட்ட முதலாளிகள் ஓயாமல் கேட்டார்கள். 1903-ல் மெட்ராஸ் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளிக்கு மட்டுமல்லாமல் மேஸ்திரிக்கும் அது தண்டனை வைத்தது. கதைகளில் சர்வ அதிகாரம் படைத்தவராக வருகிற மேஸ்திரி, சட்டத்தின் கண்ணில் தொழிலாளியோடு சேர்த்துக் கட்டப்பட வேண்டியவர். 1859-ம் ஆண்டுச் சட்டத்தை 1925-ல்தான் நீக்க முடிவு செய்தார்கள். 1903-ம் ஆண்டுச் சட்டம் 1920-களின் இறுதியில் போனது. எழுபதாண்டுக்கு அருகில் ஓர் அரசு, வேலையை விடுவதைக் குற்றம் என்று வைத்திருந்தது. அந்தக் காலம் முழுவதற்கும் உருமால் கட்டிய பெரியவரையே பொறுப்பாளி ஆக்குவது அந்த அரசை விடுதலை செய்வதற்குச் சமம்.

இதற்கு நேர் எதிரான கருத்து ஒன்றும் உண்டு. கங்காணி தன் ஊர்க்காரர், தன் சாதிக்காரர், பலருக்கு மாமன் மச்சான் முறை. வேற்று மண்ணில் கல்யாணம் காட்சி, நோய் நொடி, சாவு எல்லாவற்றையும் முன்னின்று நடத்தியவர். தோட்டத்தில் மாரியம்மன் கோயில் எழுப்பித் திருவிழா நடத்தியவர். காமன் கூத்துக்குக் களம் கொடுத்தவர். இலங்கை மலையகத்துக் குடும்பங்கள் சில இன்னும் இதை நன்றியோடு சொல்கின்றன. தோட்ட முதலாளிகளும் விசாரணைக் குழுக்களின் முன் இதையே சொன்னார்கள்: இது குடும்ப முறை, தகப்பன் பிள்ளை உறவு, வெளியார் தலையிட்டுக் கெடுக்க வேண்டாம் என்று. கோயில் எழுப்பியது உண்மை. பிணத்துக்குத் தோள் கொடுத்ததும் உண்மை. ஆனால் அந்த உறவுதான் கடனுக்கு ஈடாக நின்றது. வெளியூர் லேவாதேவிக்காரனிடம் வாங்கிய கடனை விட்டு ஓடலாம். மாமனிடம் வாங்கிய கடனை விட்டு ஓடினால் ஊரில் இருக்கும் அம்மா தலைநிமிர்ந்து நடக்க முடியாது. தோட்டத்துக்குக் காவல்காரர்கள் குறைவாகவே தேவைப்பட்டதன் காரணம் இதுதான். மாமன் முறையே மதில் சுவராக நின்றது. தகப்பன் என்று புகழ்பவர்களும் வில்லன் என்று தூற்றுபவர்களும் பெரியவரையும் இளைஞனையும் தவிர வேறு யாரையும் மேடையில் ஏற்றுவதில்லை. இரு தரப்புக்கும் பங்களாவில் உட்கார்ந்திருக்கும் மூன்றாம் ஆள் கண்ணில் படுவதில்லை.

கங்காணிகளில் பலர் பணக்காரர் ஆனார்களே என்ற கேள்வி நியாயமானது. ஆனார்கள். இலங்கையில் தலைக்கங்காணிகள் சிலர் நிலம் வாங்கினார்கள். தோட்டமே வாங்கினவர்களும் உண்டு. அரிசிக் கடை வைத்தும், கூட்டத்தின் கூலியை மொத்தமாகத் தாமே வாங்கிப் பிடித்தம் செய்தும் சேர்த்த சொத்து அது. பெண்கள் மீது நடத்திய கொடுமைகளும் உண்டு. இவற்றை மறைப்பதால் யாருக்கும் பயன் இல்லை. ஆயினும் எல்லாத் துயரத்துக்கும் அவரே வேர் என்றால், அவர் போன பிறகு துயரமும் போயிருக்க வேண்டும். அந்தச் சோதனையை வரலாறு தானே நடத்திக் காட்டியிருக்கிறது.

மலாயாவில் 1907-லேயே ஆள் சேர்ப்புக்கெனத் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. முதலாளிகளிடம் வரி வாங்கி அரசே பயணச் செலவை ஏற்றது. இலங்கைத் தோட்ட முதலாளிகள் 1904-ல் திருச்சிராப்பள்ளியில் தங்கள் தொழிலாளர் ஆணையத்தை நிறுவினார்கள். தோட்டத்தின் எண் பொறித்த தகர டிக்கெட் கழுத்தில் தொங்க, மண்டபம் முகாம் வழியாக ஆட்கள் போனார்கள். 1938-ல் மலாயாவுக்கும் 1939-ல் இலங்கைக்கும் தொழிலாளர் செல்வதை இந்திய அரசு நிறுத்தியது. விடுதலைக்குப் பின் 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் ஆகியவை தோட்ட நிர்வாகத்தின் கடமை என்றது. தென்னிந்தியத் தோட்டங்களில் கங்காணி முறை மெல்ல மறைந்தது. அதற்குப் பிறகு நீலகிரிக்கு வந்த மிகப் பெரிய தொழிலாளர் கூட்டத்தைக் கூட்டி வந்தவர் எந்தக் கங்காணியும் இல்லை. இரண்டு அரசாங்கங்களின் கையெழுத்து கூட்டி வந்தது.

1948-ல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். கணக்கில் இருந்தவர்கள் 9,75,000 பேர். அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மீதி 1,50,000 பேரின் கதி பிறகு பார்க்கப்படும். 1974-ல் அந்த மீதியும் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் பலர் இலங்கை மண்ணில் பிறந்து வளர்ந்த இளைஞர்கள். தாயகம் என்று சொல்லப்பட்ட நாட்டை முன்பு பார்த்திராதவர்கள். மண்டபம் முகாமில் குடும்ப அட்டை கொடுத்தார்கள். சிலருக்குத் தொழில் கடன், சிலருக்கு நிலம் என்று எழுதினார்கள். தேயிலை தெரிந்தவர்கள் நீலகிரிக்கு வந்தார்கள்.

அவர்களுக்கென்றே 1968-ல் வனத்துறையின் திட்டமாகத் தொடங்கி, 1976-ல் தனி நிறுவனமாகச் செயல்படத் தொடங்கியது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பகுதிகளில் காடு வெட்டித் தேயிலை நட்டவர்கள் இவர்களே. இங்கே கங்காணி இல்லை. துண்டு இல்லை. அரசே முதலாளி. இருந்தும் ஓய்வு பெறும் நாளில், தோட்டத்துக்குச் சொந்தமான லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை மாறவில்லை. இரண்டு தலைமுறை உழைத்த இடத்தில் ஒரு சென்ட் நிலம் சொந்தமில்லை. அரசுத் தோட்டத்தில் இடம் கிடைக்காதவர்கள் தனியார் தோட்டங்களிலும் மலைக்காய்கறி நிலங்களிலும் தினக்கூலிகள் ஆனார்கள். கொடைக்கானல் மலைகளில் தாயகம் திரும்பியோர் கொத்தடிமைகளாகப் பிடித்து வைக்கப்பட்டிருந்தது பின்னாளில் வெளிவந்தது. 2022-ல், நஷ்டத்தைக் காரணம் காட்டி, கழகத்தின் தோட்டங்களில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறையிடமே திரும்ப ஒப்படைக்க அரசு முடிவு செய்தது. தொழிலாளர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். இங்கே யாரை வில்லன் ஆக்குவது? உருமாலும் தடியும் வைத்த எந்தப் பெரியவரும் இந்தக் கதையில் இல்லை. நிலமின்மை, அடுத்தவர் வீட்டில் குடியிருப்பு, வேலை போனால் கூரையும் போகும் என்ற அச்சம் ஆகிய மூன்றும் அப்படியே நிலைத்தன. கங்காணிக்குப் பின்னாலும் எஞ்சிய அந்த மூன்றும்தான் தோட்ட முறையின் அஸ்திவாரம்.

இன்றைக்கு அதே நாடகம் புதிய நடிகர்களோடு சொல்லப்படுகிறது. ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் மாநிலங்களிலிருந்து இளம் தம்பதிகள் நீலகிரித் தோட்டங்களுக்கு வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் குன்னூர் மார்க்கெட்டிலும் பேருந்து நிலையத்திலும் அவர்களைப் பார்க்கலாம். வெலிங்டன், அருவங்காடு டீக்கடைப் பேச்சு அவர்களை நோக்கிப் போகிறது: வடக்கே இருந்து வந்தவன் நம் பெரியவர்களின் வேலையைப் பறித்தான், குறைந்த கூலிக்கு வந்து கூலியையே கெடுத்தான். இந்த முறை மூத்தவர் பரிதாபத்துக்குரியவர், இளைஞன் குற்றவாளி. பாத்திரங்கள் இடம் மாறினாலும் மேடையில் இரண்டே பேர்தான்.

எடை போடும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் கதை எவ்வளவு பொய் என்று தெரியும். மதியம் கொழுந்துச் சாக்குகளைத் தலையில் சுமந்து பெண்கள் வரிசையில் வருவார்கள். தராசுக்குப் பக்கத்தில் நோட்டுடன் நிற்பவர் பெரும்பாலும் ஐம்பது கடந்த உள்ளூர் சூப்பர்வைசர். இலங்கையிலிருந்து சிறுவனாக வந்தவராகக்கூட அவர் இருப்பார். எடையில் சாக்குக்குக் கொஞ்சம், மழை நாளென்றால் ஈரத்துக்குக் கொஞ்சம் கழிப்பார்கள். வடக்கிலிருந்து வந்தவளுக்குத் தமிழ் எண்கள் சரியாகத் தெரியாது. விரலைக் காட்டிக் கேட்பாள். அவர் எரிந்து விழுவார். பார்க்கிறவருக்கு இது முதியவருக்கும் வந்தேறிக்கும் இடையே உள்ள பகையாகத் தெரியும். எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதை அவர் முடிவு செய்யவில்லை. கழித்ததில் ஒரு கிராமும் அவர் வீட்டுக்குப் போகாது. இலக்கு குறைந்தால் கேள்வி அவருக்கும் வரும். குறைவாகப் பறித்தால் அரைநாள் கூலி மட்டும் எழுதி அரைப்பேர் போட்ட காலத்தில் அவருடைய தாயும் இதே போல் ஒரு நோட்டுக்காரர் முன் நின்றிருப்பாள்.

வேலை பறிபோனது என்ற வாதமும் நிற்காது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் படித்தார்கள். திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போனார்கள். தங்கள் பெற்றோரின் வாழ்க்கை வேண்டாம் என்று அவர்கள் எடுத்த முடிவு அது, முழுக்க நியாயமானதும்கூட. 1990-களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது சிறு விவசாயிகளும் தொழிலாளர்களும் ஒருசேர நொடித்தார்கள். அப்போது வடக்கிலிருந்து யாரும் இங்கே வந்து விலையைக் குறைக்கவில்லை. காலியான லைன் வீடுகளில்தான் புதியவர்கள் குடியேறினார்கள். நிரந்தரத் தொழிலாளி ஒருவர் ஓய்வு பெற்றால் அவர் இடத்தில் நிரந்தரமாக இன்னொருவரை எடுக்காமல், ஒப்பந்தக்காரர் வழியே தற்காலிக ஆட்களைக் கொண்டு ஓட்டுவது நிர்வாகங்களின் முடிவு. நிரந்தர ஆள் என்றால் பணிக்கொடை, விடுப்பு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் எல்லாம் உண்டு. அந்தச் செலவு மிச்சப்படுவதால்தான் இளைஞன் கூப்பிடப்படுகிறான். கூலியைக் கெடுத்தவன் அவன் என்றால், அவனை அந்தக் கூலிக்கு வைத்துக்கொண்டவர் யார் என்று கேட்க வேண்டாமா?

அவனுடைய முன்னோரின் கதையும் இங்கிருப்பவர்களின் கதையும் ஒன்றே. 19-ம் நூற்றாண்டில் சோட்டா நாக்பூர் மலைகளிலிருந்து சந்தால், முண்டா, ஒராவோன் மக்களை அசாம் தேயிலைக்கு அள்ளிச் சென்றார்கள். அர்காத்தி என்ற தரகரும், கங்காணியின் வடநாட்டு வடிவமான சர்தாரும் அந்த வேலையைச் செய்தார்கள். அங்கேயும் முன்பணம், அங்கேயும் ஓடினால் சிறை. 1921-ல் சர்கோலாப் பள்ளத்தாக்கிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையை உதறிவிட்டு ஊர் நோக்கி நடந்தே கிளம்பினார்கள். சாந்த்பூரில் அவர்கள் மீது படை ஏவப்பட்டது. துண்டு முறையை இலங்கை ஒழித்ததும் அதே ஆண்டில்தான். தேயிலையால் ஊர் இழந்த இரண்டு மக்கள் கூட்டங்களின் வாரிசுகள்தான் நூறாண்டு கழித்துக் குன்னூரில் தராசின் இரு பக்கமும் நிற்கிறார்கள். அவர்களை ஒருவருக்கொருவர் எதிரிகள் என்று சொல்பவர்கள் தேயிலையின் வரலாற்றையே அறியாதவர்கள்.

இந்தப் பகைக் கதைக்கு விலையும் உண்டு. தமிழ்நாட்டில் 10.67 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருப்பதாக மாநில அரசு 2015-ல் எடுத்த கணக்கெடுப்பு சொன்னது. 2023 மார்ச்சில், அவர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. வதந்தி பரப்பியவர்கள் கைதானார்கள். அச்சத்தில் ஊர் திரும்பியவர்களுக்கு அந்த நாட்களின் கூலி போனதுதான் மிச்சம். உள்ளூர்க்காரர் பறிகொடுத்தார் என்று இங்கும், வந்தவர் அடிவாங்குகிறார் என்று அங்கும் ஒரே நேரத்தில் கதை கட்ட முடிந்ததற்குக் காரணம், இரண்டுக்கும் அதே இரு பாத்திரங்கள் போதுமாக இருந்ததுதான்.

சட்டம் எழுதியவர்களுக்கு மூன்றாம் ஆளைத் தெரிந்திருந்தது. மாநிலம் விட்டு மாநிலம் போய் வேலை செய்வோருக்காக 1979-ல் வந்த சட்டம், ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டும், இடம்பெயர்வுப் படியும் பயணப்படியும் தர வேண்டும் என்றது. ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளியே அதைக் கொடுத்தாக வேண்டும் என்றும் சொன்னது. 2020-ல் இயற்றிய தொகுப்புச் சட்டம் அதைத் தன்னுள் எடுத்துக்கொண்டது. ஒரு நூற்றாண்டுக் கங்காணி வரலாற்றிலிருந்து கற்ற பாடம் அந்த ஒரு விதியில் இருக்கிறது: இடையில் நிற்பவர் யாராக இருந்தாலும், கடைசிப் பொறுப்பு யாருடைய தேயிலையோ அவருடையது.

நீலகிரியில் இன்று செய்ய வேண்டியவையும் அந்த விதியிலிருந்தே கிளைக்கின்றன. வெளிமாநிலத்திலிருந்து வந்து கொழுந்து பறிக்கும் ஒவ்வொருவரின் பெயரும் ஒப்பந்தக்காரரின் நோட்டில் நிற்காமல் தோட்டத்தின் சொந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும். முன்பணத்துக்குப் பிடித்தம் செய்வதானால் அது அவர்களுக்குத் தெரிந்த மொழியில் எழுதிக் காட்டப்பட வேண்டும். தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு அவர்கள் குடியிருக்கும் இடம் பட்டாவாக வேண்டும். குன்னூர், கோத்தகிரி, கூடலூர் தொழிற்சங்கங்கள் தங்கள் உறுப்பினர் சீட்டை இந்தியிலும், ஜார்க்கண்ட் பகுதியில் பேசும் சாத்ரி மொழியிலும் அச்சிட்டு, லைன் லைனாகப் போய்ப் புதியவர்களைச் சேர்க்க வேண்டும். அந்த வேலையை முதலில் எடுத்துச் செய்யத் தகுந்தவர்கள், தராசுக்குப் பக்கத்தில் நோட்டோடு நிற்கும் மூத்தவர்களே.